கப்பலேறிய முடி: சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு வாசிப்பு

1

இங்கிலாந்தின் வரலாறு நமக்கு ஒரு மாடிப்படியாகவே சொல்லித்தரப்பட்டிருக்கிறது. கீழ்ப்படியில் மன்னன். அடுத்த படியில் மன்னனின் கையைக் கட்டிப்போடும் பாராளுமன்றம். அதற்கு மேலே சீர்திருத்தம். அப்புறம் நீராவி, ஆலை, ரயில். உச்சிப்படியில் சூரியன் மறையாத சாம்ராஜ்யம். மகாசாசனம் 1215, இரத்தம் சிந்தாப் புரட்சி 1688, சீர்திருத்தச் சட்டம் 1832 என்று ஆண்டுகளை உருப்போட்டுப் பரீட்சை எழுதியவர்கள் நாம். ஒரு சமூகம் தன் வீட்டைச் சரிசெய்து முடித்து, மிஞ்சிய தெம்பில் உலகத்தைக் கவனிக்கக் கிளம்பியதுபோல இந்தக் கதையாடல் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. இதை எதிர்த்த நம் தேசியவாத வரலாறும் படிகளின் வரிசையில் கைவைக்கவில்லை. உச்சிப்படிக்கு மட்டும் 'சுரண்டல்' என்று பெயர் மாற்றிவிட்டு, மற்றப் படிகளை அப்படியே வாங்கிக்கொண்டது. அங்கே ஜனநாயகம், இங்கே கொள்ளை என்று இரண்டு தனித்தனிக் கணக்குகள்.

அவை தனித்தனிக் கணக்குகள் அல்ல என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மன்னனிடமிருந்து பிடுங்கப்பட்ட அதிகாரம் லண்டனில் செத்துப்போகவில்லை. அது கப்பலேறி நம் கரையில் வந்து இறங்கியது. இங்கே இறங்கிய பிறகு, அங்கே அதற்கு விதிக்கப்பட்டிருந்த எந்த வரம்பும் அதற்கு இல்லாமல் போயிற்று. இதைப் பார்ப்பதற்கு வெஸ்ட்மின்ஸ்டரில் நிற்பதைவிட சதுரங்கப்பட்டினத்தில் நிற்பது வசதி.

ஏன் சதுரங்கப்பட்டினம்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரை ஊர். பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் ஆட்சியில் ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர் பெற்றிருந்த துறை. ஐரோப்பியர் வாயில் 'சாத்ராஸ்' ஆயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் வந்து பண்டகசாலை வைத்தார்கள், பிறகு கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் செங்கல் மதிலும் தானியக் கிடங்குகளும் டச்சு எழுத்துகள் செதுக்கிய கல்லறைப் பலகைகளும் கிடக்கின்றன. வடக்கே ஆங்கிலேயரின் சென்னை, தெற்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி, நடுவில் இது. அந்த 'நடு' முக்கியமானது. 1754 ஜனவரியில் ஆங்கிலக் கும்பினியும் பிரெஞ்சுக் கும்பினியும் கர்நாடகப் போரை நிறுத்தப் பேச்சு நடத்த, நடுநிலையான இடமென்று இந்த ஊரைத்தான் பிடித்தார்கள். பேச்சு எதைப் பற்றி? கர்நாடகத்துக்கு யார் நவாப் என்பதைப் பற்றி. மொகலாயப் பாதுஷா தங்களுக்குத்தான் பட்டயம் கொடுத்தார் என்று காகிதம் காட்டினார்கள். எதிராளியின் காகிதம் செல்லாது என்றார்கள். பேச்சு முறிந்தது, அதே ஆண்டில் டூப்ளே பாரிசுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். இரண்டு வியாபாரக் கும்பல்கள், மூன்றாவது வியாபாரக் கும்பலின் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, டெல்லியில் இருக்கும் நான்காவது ஆள் பேரைச் சொல்லி, ஆற்காட்டில் யார் ராஜா என்று பேரம் பேசுகிறார்கள். ராஜா என்கிற ஸ்தானம் காலியாகிக்கொண்டிருந்தது. அதில் யார் உட்காருவது என்பதுதான் கேள்வி.

என் பாடம் வரலாறு அல்ல, தமிழ். எம்.ஏ. தமிழ் படித்த எவருக்கும் ஒரு வரிசை மனப்பாடமாகியிருக்கும்: பல்லவர் காலம், சோழர் காலம், நாயக்கர் காலம், ஐரோப்பியர் காலம். வி. செல்வநாயகத்தின் இலக்கிய வரலாற்றின் வழியே கல்லூரிகளில் நிலைத்த பகுப்பு இது. மூன்று அரச வம்சங்களுக்கு அடுத்து 'ஐரோப்பியர்' என்பதும் ஒரு வம்சம்போல உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். பகுத்தவர்களுக்கு அப்படியொரு நோக்கம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் மொழிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. வந்தவன் மன்னராட்சியை ஒழித்தவனாக வரவில்லை, மன்னனின் இடத்தில் உட்கார வந்தவன் என்பது அந்த வரிசையிலேயே பதிந்துகிடக்கிறது.

2

1649இல் முதலாம் சார்லசின் தலையை வெட்டிய நாடு இங்கிலாந்து. 1660இல் அவன் மகனைக் கூப்பிட்டு மறுபடி அரியணையில் ஏற்றியது. அந்த மகனுக்குப் பின் வந்த தம்பி இரண்டாம் ஜேம்ஸை 1688இல் விரட்டியது. விரட்டிவிட்டு யாரைக் கொண்டுவந்தார்கள்? ஜேம்ஸின் மருமகன், ஒல்லாந்தின் வில்லியம். 1652க்கும் 1674க்கும் இடையில் மூன்று முறை கடலில் சண்டைபோட்ட நாட்டின் தலைவர். ஆக, 1689 முதல் 1702 வரை சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தரின் நாட்டுத் தலைவரும் சென்னைக் கோட்டை ஆங்கிலேயரின் அரசரும் ஒரே ஆள். ஆனால் இரண்டு கும்பினிகளும் ஒன்றாகவில்லை. இந்தக் கரையில் துணிக்கு முன்பணம் கொடுப்பதில் முன்போலவே போட்டி போட்டுக்கொண்டிருந்தன. அரசன் ஒருவனே என்பது கணக்குப் பேரேட்டில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அதிகாரம் எங்கிருந்து எங்கே நகர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குக் கிடைக்கவில்லை.

1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மன்னன் வரி விதிக்கக் கூடாது என்றது. 1694இல் இங்கிலாந்து வங்கி வந்தது. அரசனின் கைமாற்று நாட்டின் கடனாக மாறியது. பாராளுமன்றம் உத்தரவாதம் என்பதால் வணிகர்கள் நம்பிக் கடன் கொடுத்தார்கள். கடன் வாங்கிக் கப்பற்படை கட்டும் இந்த வித்தையில் ஒல்லாந்தர்தான் முன்னோடி. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: முடியின் அதிகாரம் சுருங்கியதால் அரசு சுருங்கவில்லை. நேர்மாறாக, முன்னைவிட அதிகமாக வரி வசூலிக்கவும், கடன் வாங்கவும், தூரதேசத்தில் போர் நடத்தவும் வல்ல அரசாக அது ஊதிப் பெருத்தது. மன்னன் வலுவிழந்தான், அரசு வலுப்பெற்றது. பாடப்புத்தகம் முதல் பாதியை மட்டும் சொல்கிறது.

அதே 1688இல் சென்னையில் என்ன நடந்தது? செப்டம்பரில் மேயரும் ஆல்டர்மென்களும் கொண்ட மாநகராட்சி தொடங்கியது. ஆல்டர்மென்களில் உள்ளூர் வணிகர்களும் இருந்தார்கள். ஆசியாவின் பழைய நகரசபைகளில் ஒன்று என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கும்பினித் தலைவர் ஜோசையா சைல்டின் யோசனை வேறு மாதிரி: கோட்டைக்காரன் கேட்டால் ஜனங்கள் வரி தர மறுக்கிறார்கள், அவர்களில் சிலரையே மேசையில் உட்காரவைத்துக் கேட்டால் தருவார்கள். இங்கிலாந்தில் பிரதிநிதித்துவம் வரியைத் தடுக்கும் கருவியாக வந்த காலத்திலேயே இங்கே அது வரியைக் கறக்கும் கருவியாக வந்துவிட்டது.

3

இனி துணிக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் துணி இல்லாமல் ஒல்லாந்தர் தென்கிழக்காசியத் தீவுகளில் வாசனைப்பொருள் வாங்கியிருக்க முடியாது. வெள்ளியைவிட நம் துணிக்கு அங்கே மவுசு. சதுரங்கப்பட்டினம் பேர்போனது மஸ்லினுக்கு, நம் பேச்சில் சல்லாத் துணிக்கு.

இந்தியத் துணி லண்டனில் பெருகியபோது, 1697 ஜனவரியில் அங்கிருந்த பட்டு நெசவாளர்கள் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையகத்தையே தாக்கினார்கள். 1700இல் பாராளுமன்றம் அச்சடித்த, சாயமிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டில் விற்கத் தடைவிதித்தது. 1721இல் இன்னொரு சட்டம், அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே பெரும்பாலும் தடைசெய்தது. வெள்ளைத் துணியும் மஸ்லினும் சுங்கத்தோடு தப்பின. சுதந்திர வணிகத்தின் தாயகம் என்று சொல்லப்படும் நாடு தன் பருத்தித் தொழிலை வளர்த்தது தடைச்சட்டத்தின் நிழலில். இந்திய அச்சுத்துணி வராத சந்தையில், இந்தியத் துணியைப் பார்த்துப் பார்த்தே நகலெடுக்கப் பழகினார்கள் லங்காஷயர்க்காரர்கள். 1774இல், இனி உள்நாட்டுப் பருத்தித் துணிக்குத் தடையில்லை என்று ஆனபோது ஹார்க்ரீவ்ஸின் கதிர்ப்பொறியும் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டமும் வந்துவிட்டிருந்தன. 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் செய்த நூற்பொறிக்கு ஆரம்பத்தில் வழங்கிய பெயர்களில் ஒன்று 'மஸ்லின் ராட்டை'. மெல்லிய நூலை இயந்திரத்தில் நூற்க முடிந்தது அதில்தான். அந்தப் பெயரே ஒரு வாக்குமூலம். அந்த இயந்திரம் எதைப் போட்டியாக நினைத்தது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. நிலக்கரி, கூலி விகிதம், கைவினைஞரின் கெட்டிக்காரத்தனம் என்று தொழிற்புரட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் 'முதலில் ஆலை, பிறகு சாம்ராஜ்யம்' என்கிற வரிசை மட்டும் நிற்காது. ஆலைக்கு முன்பே நம் துணி அங்கே போய், அதற்கு ஆசையையும் பயத்தையும் அளவுகோலையும் கொடுத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் தறிகாரர் நிலை என்ன? பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் பற்றி பிரசன்னன் பார்த்தசாரதி எழுதியிருப்பது நம் பழக்கமான சித்திரத்தைக் குலைக்கிறது. அவர்கள் சோற்றுக்கு அலைந்த அடிமைகளாக இருக்கவில்லை. முன்பணம் வாங்கிய நெசவாளி, பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். கொடுமை அதிகமானால் ஊரையே காலிசெய்து பக்கத்து நாட்டுக்குப் போய்விடலாம். சென்னையில் ஆங்கிலேயன், சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தன், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன், தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் என்று வாங்க ஆள் நிறைய. இந்தப் போட்டிதான் அவர்களுக்குப் பேரம் பேசும் பலம். ஆங்கிலக் கும்பினி நிலத்துக்கும் ராஜாவானதும் அந்த பலம் போயிற்று. முன்பணத்தைத் திருப்பித் தரும் உரிமை பறிக்கப்பட்டது. ஊரைவிட்டுப் போக வேறு ராஜ்யம் மிஞ்சவில்லை. வியாபாரியோடு மல்லுக்கட்டிய நெசவாளி இப்போது அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே ஆள்.

ஆனால் இதை 'அவன் நெசவாளி வாழ்ந்தான், நம் நெசவாளி செத்தான்' என்று எழுதினால் அது பொய். 1808இல் குறைந்தபட்சக் கூலி கேட்டு லங்காஷயர்க் கைத்தறி நெசவாளர்கள் பாராளுமன்றத்திடம் போனார்கள். மசோதா தள்ளப்பட்டது. 1819இல் மான்செஸ்டரின் பீட்டர்லூவில் ஓட்டுரிமை கேட்டுக் கூடியவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. 1697இல் லண்டன் நெசவாளரின் கூச்சலுக்குப் பாராளுமன்றம் காதுகொடுத்ததென்றால், அவர்களோடு சேர்ந்து கம்பளி முதலாளிகளும் கத்தியதால்தான். நூறாண்டு கழித்து முதலாளிகள் எதிர்ப்பக்கம் நின்றபோது அந்தக் காது அடைத்துக்கொண்டது.

4

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765இல் பாதுஷா ஷா ஆலம் அதை உறுதிசெய்தார். ஜாகீர் என்பது ராஜா தன் ஊழியனுக்கு விடும் வருவாய் மானியம். தன் சொந்த மன்னனை வரிவிஷயத்தில் ஒப்பந்தக்காரனாக ஆக்கிவைத்திருந்த தேசத்தின் வியாபாரிகள், இங்கே ஒரு நவாபின் ஜாகீர்தாராக ஊழியம் ஏற்று, யார் ஒப்புதலும் கேட்காமல் நிலவரி வாங்கத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வெள்ளி கொண்டுவந்து துணி வாங்கிய காலம் மாறி, நாட்டின் வரிப்பணத்திலேயே நாட்டின் துணியை வாங்குவது சாத்தியமாயிற்று. வங்கத்தில் இது பெரிய அளவில் நடந்தது. செங்கல்பட்டில் போர்ச்செலவு பாதியைத் தின்றது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் சீமையே பாழாயிற்று. அந்தப் போரின் ஊடே 1781இல் ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இந்த ஊருக்கு எதிரே கடலில் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. யாரும் ஜெயிக்கவில்லை.

ஜாகீரின் கலெக்டராக 1794 முதல் 1798 வரை இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். மழை கொட்டுகிறது, ஏரி உடையப் போகிறது, கலெக்டர் துரை கலங்கி நிற்கிறார். கரைமேல் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைப் பார்க்கிறார். கரை நிற்கிறது. வாக்குக் கொடுத்தபடி தாயாருக்குச் சன்னதி கட்டித்தருகிறார். பக்தர்கள் இதை ராமரின் கதையாகப் படிக்கிறார்கள். நான் இதைக் கலெக்டரின் கதையாகப் படிக்கிறேன். ஏரியைக் காப்பதும் சன்னதி எடுப்பதும் நம் மரபில் யார் வேலை? ராஜாவின் வேலை. சார்லசின் தலையை வெட்டிய தேசத்திலிருந்து வந்த ஒருவரை இந்தக் கதை ராஜாவாக முடிசூட்டிவிடுகிறது. பிளேஸும் கோயில், திருவிழா விஷயங்களில் பழைய அரசனின் வாரிசாகவே நடந்துகொண்டார். கதையில் இல்லாதவர்கள் யார் என்று கேட்டால், அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்கள்.

மொழியிலும் இதற்குத் தடயம் இருக்கிறது. துரை என்றால் தலைவன், பிரபு. அது வெள்ளைக்காரனுக்கு ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் 'துரைத்தனம்' என்று ஒரு சொல் பிறந்தது. அதற்கு அரசாங்கம் என்று பொருள். பாராளுமன்றத்தின் தேசம் ஆண்ட நாட்டில் அரசாங்கத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் பிரபுத்தனம்.

அமெரிக்க ஆய்வாளர் யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல், செங்கல்பட்டைப் பற்றிய காலனிய அறிவு ஆங்கிலேயரால் மட்டும் திணிக்கப்பட்டதல்ல, உள்ளூர்க்காரரோடு நடந்த உரையாடலில் உருவானது என்கிறது. மேலிருந்து திணிப்பு என்று மட்டுமே பார்க்கும் பார்வைக்கு இது நல்ல மருந்துதான். ஆனாலும் உரையாடல் என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. கலெக்டர் கச்சேரியில் உட்கார்ந்து பேசியவர் மிராசுதார்; வாசலில் நின்றவர் படியாள். இன்னொரு பக்கம், 1767க்கும் 1774க்கும் இடையில் பர்னார்ட் எடுத்த சுமார் 2000 கிராமங்களின் கணக்கை வைத்துத் தரம்பாலும் அவர் வழிவந்தவர்களும் காலனியத்துக்கு முந்தைய செழிப்பான சமூகத்தைக் காட்டுகிறார்கள். விளைச்சலில் கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்கு என்று எல்லோருக்கும் பங்கு இருந்தது என்பது உண்மை. இந்தச் சீமையின் மிராசு வழக்கில் அந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. சுதந்திரம் என்ற சொல் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்லைக் குறித்த ஊர் இது. ஆனால் அளந்து வாங்கியவன் எல்லாம் அளந்து போட்டவனாக முடியவில்லை. நிலத்தில் பங்கு மிராசுதாருக்கு, நெல்லில் பிடி பறையருக்கு. கும்பினி இதை மாற்றவில்லை. மிராசை உரிமையாக எழுதி, கோர்ட்டில் செல்லுபடியாகும் சொத்தாக ஆக்கிக்கொடுத்தது.

5

இப்போது லண்டனின் சீர்திருத்தத்துக்குப் போகலாம். போகும் வழி நம் கரையிலிருந்தே தொடங்குகிறது. ஓல்ட் சேரம் என்று ஒரு தொகுதி. குடியிருக்க ஆளில்லாத மேடு. ஆனாலும் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. 1691இல் அதை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். கும்பினியின் தனியுரிமையை மீறி இந்திய வியாபாரத்தில் பணம் பண்ணியவர். பின்பு அதே கும்பினிக்கு 1698 முதல் 1709 வரை சென்னையில் கவர்னர். அவருடைய பேரன், பிற்காலப் பிரதமர் வில்லியம் பிட், பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது அந்தத் தொகுதி வழியாகத்தான். நூறாண்டு கழித்து ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களும் அதே பாராளுமன்றத்தில் இடம் வாங்கினார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய நீண்ட பேச்சின் குறி பால் பென்ஃபீல்டும் அவர் கூட்டமும். அந்தக் கடனுக்கு வட்டி கட்டியது கர்நாடகத்தின் விவசாயி. அழுகிய தொகுதிகள் எல்லாம் இந்தியப் பணத்தில் வாங்கப்பட்டவை அல்ல, பெரும்பாலானவை அங்கத்திய நிலப்பிரபுக்களின் பிடியில் இருந்தவை. ஆனால் பாராளுமன்றம் அழுகியதில் நம் வயலின் பங்கும் உண்டு.

1832ஆம் ஆண்டுச் சட்டம் ஓல்ட் சேரத்தை நீக்கியது, மான்செஸ்டருக்கு முதல்முறையாக இரண்டு உறுப்பினர்களைக் கொடுத்தது. பெண்களுக்கு ஓட்டில்லை, உழைக்கிற ஆண்களில் பெரும்பாலோருக்கும் இல்லை. கும்பினிப் பணம் வாங்கிய இடத்தில் ஆலைப் பணம் வந்து உட்கார்ந்தது. இந்த ஆலைப் பட்டணங்களின் நெருக்கடியில் 1813இலேயே கும்பினியின் இந்திய வணிகத் தனியுரிமை போய்விட்டிருந்தது. நூலும் துணியும் மிகக் குறைந்த சுங்கத்தில் இங்கே வந்து குவிந்தன. இங்கே தறிக்கே வரி. 1833இல் கும்பினி வியாபாரத்தை அடியோடு விட்டது. வியாபாரம் செய்ய வந்த கும்பினி இனி ஆட்சி மட்டும் செய்யும். பங்குதாரர்களுக்கு ஆண்டுக்குப் பத்தரை சதவீத லாபம் இந்திய வருவாயிலிருந்து வரும். சரக்கு இல்லை, கடை இல்லை, லாபம் மட்டும் உண்டு.

சதுரங்கப்பட்டினம்? 1784இல் ஒல்லாந்தரிடம் திரும்பியது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கையில். 1818இல் திரும்ப ஒல்லாந்தருக்கு. 1824இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம்: சுமத்திராவின் பெங்கூலன் ஒல்லாந்தருக்கு, மலாக்காவும் இந்தியாவிலுள்ள ஒல்லாந்து ஊர்களும் ஆங்கிலேயருக்கு. 1825இல் ஊர் கைமாறியது. வயற்காட்டில் வரப்பு மாற்றிக்கொள்வதுபோல ஊர் மாற்றிக்கொண்டார்கள். எட்டு ஆண்டு கழித்து ஓட்டுரிமைச் சீர்திருத்தத்தைக் கொண்டாடிய அதே சீர்திருத்தப் பாராளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. அடிமைகளின் உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. இதாவது பலருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் 64ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதேசங்களுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் இச்சட்டம் செல்லாது என்கிறது அது. 1825வரை ஒல்லாந்தர் கையில் இருந்த ஊரும் அந்த விலக்குக்குள் விழுந்தது. செங்கல்பட்டின் படியாள், பண்ணையாள் எவருக்கும் 1833 ஒன்றும் சொல்லவில்லை.

1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை என்ற உரிமையைக் கோர்ட் அங்கீகரிக்காது என்றது, அதற்குமேல் போகவில்லை. அடிமையாக வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது 1862இல் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான். அப்போதும் சேரியின் குடியிருப்பு மனை மிராசுதாருடையது. குடிசையைப் பிய்த்துப் போட்டால் சட்டம் எங்கே வந்து நிற்கும்?

1876இல் பாராளுமன்றம் விக்டோரியாவுக்கு இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்துக்கு வழி செய்தது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார். அந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். இங்கிலாந்தில் அவர் கடைசிவரை ராணி மட்டுமே. பேரரசி என்பது நமக்காக. ஒரு சமூகம் தன் வீட்டில் ஒடுக்கிவைத்த முடியை, பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த நாட்டில் பெரிதாக்கிச் சூட்டியது. முடி கப்பலேறியது என்று நான் சொன்னதை அணியலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6

இந்த வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது? தேசியவாதிக்குச் சாதகமாகவா? இல்லை. வெள்ளைக்காரன் வந்திருக்காவிட்டால் எங்களுக்கு எழுத்தும் கிடைத்திருக்காது, சட்டமும் கிடைத்திருக்காது என்று தலித் அரசியல் சொல்லும்போது அதில் இருக்கிற நியாயத்தை, மிராசுக் கிராமத்தைப் பொற்காலமாக வரைகிறவர்கள் எதிர்கொண்டதே இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கை, மனைக்கும் நிலத்துக்கும் அவர்கள் மிராசுதாரின் கையை எதிர்பார்க்கும் நிலையைத் தெளிவாக வைத்தது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்தாண்டுவரை விற்கக் கூடாது, அதன்பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை அதில் இருந்தது. இது நிஜமான ஆதாயம்.

ஆனால் இதை 'ஆங்கிலேயர் தந்த சீர்திருத்தம்' என்று முழுசாக அவர்கள் கணக்கில் எழுதவும் முடியாது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வில், டிரெமன்ஹீரின் யோசனைகளை மேலிடத்து வருவாய் அதிகாரிகளே எப்படி மழுப்பினார்கள் என்பதையும், மிராசுதாரும் அரசும் எப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டுகிறார். யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. நூறாண்டுக்கு முன் ராஜா ஸ்தானத்தில் உட்கார மிராசுதாரின் தோள் தேவைப்பட்டது. மிராசை உரிமையாக்கியதற்குக் கிடைத்த விலை அந்தத் தோள். பிறகு அதே மிராசு மிச்சம் வைத்த தரிசில் பறையருக்கு ஒரு துண்டு ஒதுக்கப்பட்டது.

அந்தத் துண்டும் தங்கவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை. பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். ஜாகீரும் இல்லை, கும்பினியும் இல்லை, பேரரசியும் இல்லை. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு இருந்தது, கலெக்டர் ஆபீஸ் இருந்தது, 1892ஆம் வருஷத்து அரசாணையும் இருந்தது.

சீர்திருத்தம் என்ற சொல்லில் 'திருத்தம்' இருக்கிறது. நம் வழக்கில் திருத்துவது என்பது முதலில் நிலத்துக்குச் செய்வது. காட்டை வெட்டி, கல்லைப் பொறுக்கி, மேட்டைக் கரைத்து வயலாக்குவது. செங்கல்பட்டுச் சீமையில் அதைச் செய்த கைகளுக்கு நிலம் சேரவில்லை. ஆகவே இங்கிலாந்தின் மாடிப்படியைப் பற்றியோ, நம் மாடிப்படியைப் பற்றியோ இனி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இங்கே குறைக்கப்பட்ட அதிகாரம் எங்கே போயிற்று, யார் தலைமேல்? மகாசாசனத்திலிருந்து சட்டமன்றம்வரை இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் சீர்திருத்த வரலாறு எதுவும் கச்சேரிக்கு உள்ளே உட்கார்ந்து எழுதியதாகத்தான் இருக்கும். வாசலில் நின்றவர்களுக்கு அது இன்னும் படித்துக்காட்டப்படவில்லை.